இருக்கிற குரலுக்கு எழுதுதல்: வன்னியில் சேர்ந்திசை அமைப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும்

1730 ஓகஸ்ட் 23ஆம் திகதி ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக் லைப்சிக் நகரசபைக்கு ஒரு மனு எழுதினார். தன் பொறுப்பிலிருந்த பாடசாலைப் பையன்களை அதில் மூன்றாகப் பிரித்துக் காட்டினார். பாடக்கூடியவர்கள் 17 பேர், இன்னும் தேற வேண்டியவர்கள் 20 பேர், பாட்டுக்கு உதவாதவர்கள் 17 பேர். ஒரு குழுவுக்குக் குறைந்தது 12 பேராவது வேண்டும், 16 பேர் இருந்தால் நல்லது என்றும் கேட்டார். அவருடைய தேவாலய இசை பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆட்கணக்குக்குள் எழுதப்பட்டதுதான். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ஒரு பாடசாலைக் குழுவை நடத்தும் சங்கீத ஆசிரியருக்கும், பங்குக் கோயிலில் பாடற்குழு பழக்குபவருக்கும் அந்த மனுவில் புரியாத வரி ஒன்றும் இராது.

இசையமைப்பாளராகவும் நடத்துநராகவும் ஒருவரே இருந்த பெரியவர்களின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் கையில் இருந்த ஆட்களுக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். ஹைடன் 1761இல் எஸ்டர்ஹாசி குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிரபு நிக்கோலாஸ் பாரிட்டோன் என்ற அபூர்வமான தந்தி வாத்தியத்தை வாசித்தார் என்பதற்காகவே அதற்கு 120க்கு மேற்பட்ட மூவர் இசைகளை எழுதிக் கொடுத்தார். குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1905 முதல் 1934இல் இறக்கும்வரை இலண்டனில் ஒரு பெண்கள் பாடசாலையில் இசை ஆசிரியர். அந்தப் பிள்ளைகளின் வாத்தியக் குழுவுக்கென்று அவர் எழுதியதைத்தான் இன்று பெரிய குழுக்களும் வாசிக்கின்றன. தமிழில் எம். பி. சீனிவாசன் இதைச் செய்து காட்டினார். திரையிசையில் இருந்துகொண்டே மெட்ராஸ் யூத் கொயர் என்ற பாடற்குழுவை உருவாக்கி, முறையாகச் சங்கீதம் படிக்காத இளைஞர்களைப் பல குரலில் பாட வைத்தார்.

ஆகவே இங்கே சொல்லப்போவது இரண்டு காரியம். இருக்கிற குரலுக்கு எழுதுவது ஒன்று. எழுதியதை, நீங்கள் இல்லாத நாளிலும் இன்னொருவர் எடுத்து நடத்தக்கூடிய விதமாகப் பிரதியாக்குவது மற்றது. 2009இல் வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தபோது வாத்தியங்களோடு பாட்டுக் கொப்பிகளும் போயின. ஒருவருடைய நினைவில் மட்டும் இருந்த மெட்டு அவரோடு போய்விட்டது. இந்த இரண்டாவது காரியத்தை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

சுருதி

பாட்டு எழுதுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனியே கேட்க வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். சுருதிப்பெட்டியை 2 கட்டையில் (ஸ கீபோர்ட்டின் டி-யில் நிற்கும் சுருதி) வைத்து, நடு ஸ-வில் தொடங்கி ஆகாரத்தில் (‘ஆ’ என்று) ஒவ்வொரு சுரமாக மேலே ஏறச் சொல்லுங்கள். தொண்டை இறுகத் தொடங்கும் சுரத்துக்கு முந்தைய சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதேபோல் கீழே இறங்கி, சத்தம் காற்றாகிப் போகும் இடத்தைக் குறியுங்கள். அடுத்து ஸ-வை எட்டு எண்ணிக்கைக்கு அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, பிள்ளை ஸ-வைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ப பாடுங்கள். உங்கள் சுரத்துக்கு இழுபடாமல் நிற்கிற பிள்ளைதான் இரண்டாவது குரலுக்கு உரியவர். குரல் இனிமையை வைத்து இரண்டாவது குரலுக்கு ஆள் தெரிவு செய்வது பெரும்பாலும் பிழைக்கும். இனிமையான குரலுள்ள பிள்ளை மெட்டுக்குப் பழகியிருப்பார், மெட்டுக்கே ஓடிவிடுவார்.

கர்நாடக முறையில் பழகிய பெண்பிள்ளைகள் 5 கட்டையிலும், குரல் உடைந்து தேறிய ஆண்கள் 1 கட்டையிலும் பாடிப் பழகியிருப்பார்கள். இரண்டையும் சேர்க்கும்போது நடுவில் 3 கட்டை என்று வைத்துவிடுகிறார்கள். அதில் ஆண்களுக்கு மேல் ஸ்தாயி தொண்டையைப் பிடிக்கும், பெண்பிள்ளைகளோ மேல் ஸ-வைத் தாண்ட முடியாமல் கத்துவார்கள். எங்கள் அனுபவத்தில் 2 கட்டைதான் கலப்புக் குழுவுக்குப் பொருந்தும். ஆனால் அதற்கு மெட்டும் ஒத்துழைக்க வேண்டும். மெட்டு கீழ் ப-விலிருந்து மேல் ஸ வரைக்குள் நிற்க வேண்டும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே அதையே பாடுவார்கள். 2 கட்டையின் மேல் ஸ என்பது, 5 கட்டைக்காரருக்கு அவர்களுடைய மேல் ஸ்தாயிப் பஞ்சமம் (மேல் ப). தொடலாம், தங்க முடியாது. எனவே மேல் ஸ-வைப் பல்லவியின் உச்சத்தில் ஓரிரு முறை தொட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நடு ஸ-வுக்குக் கீழே எழுத வேண்டாம். கீழ் ப-வில் அவர்களிடம் காற்றுத்தான் வரும்.

பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வரையான ஆண்பிள்ளைகளைக் குரல் உடைகிறது என்று குழுவிலிருந்து நிறுத்திவிடுவது எங்கள் பாடசாலைகளில் வழக்கமாகிவிட்டது. நிறுத்தினால் அவர்கள் திரும்பி வருவதில்லை. பிறகு கீழ்க்குரலுக்கு ஆள் இல்லை என்று தேடுகிறோம். அந்த வயதில் வசதியாக வருவது ஐந்தாறு சுரங்கள்தான். அந்த ஐந்தாறு சுரத்துக்குள் அவர்களுக்கென்று ஒரு தனி வரி எழுதுங்கள். ஸ-வும் ப-வும் மாறி மாறி நீண்டு நிற்கும் ஆதார வரியே போதும். மாதத்துக்கு ஒருமுறை அவர்களுடைய குரலைத் திரும்பக் கேட்டு வரியை மாற்றிக் கொடுங்கள். மேல் சுரத்துக்கு வற்புறுத்த வேண்டாம்.

இரண்டாவது குரல்

பல குரல் எழுதத் தொடங்குபவர்கள் மேலைத்தேய முறையில் மூன்றாம் சுரத்தை மேலே வைத்துக்கொண்டு போய் இராகத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். மோகனத்தில் ரி-க்கு மேல் மூன்றாம் சுரம் ம. அது இராகத்திலேயே இல்லை. இதற்கு எளிய வழி, இராகத்துக்குள்ளேயே ஒரு சுரம் விட்டு அடுத்ததை எடுப்பது. மோகனத்தில் ஸ-வுக்கு க, ரி-க்கு ப, க-வுக்கு த, ப-வுக்கு மேல் ஸ, த-வுக்கு மேல் ரி. இந்த ஐந்து சேர்க்கையும் காதுக்கு இசைவானவை, ஒன்றுகூட உறுத்தாது. முதன்முதல் இரண்டு குரலில் பாடப்போகும் குழுவுக்கு மோகனத்தைவிட நல்ல இராகம் இல்லை. அடுத்ததாக ஹம்சத்வனியும் சுத்த சாவேரியும்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. ஒரே மெட்டை இரண்டு குழுவாகப் பிரித்து, முதற்குழு ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடிய பிறகு இரண்டாம் குழு அதே மெட்டைத் தொடங்குவது. புதிதாக எந்தச் சுரமும் படிக்காமலே இரண்டு குரல் கிடைத்துவிடும். இதற்கு எழுதும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: சமத்தில் (தாளத்தின் முதல் எண்ணிக்கையில்) ரி-யையோ த-வையோ நிறுத்த வேண்டாம். சமம் விழும் இடங்களில் ஸ, க, ப என்று வைத்தால் ஒரு குழுவின் சமமும் மற்றதன் சமமும் எப்போதும் சேர்ந்து ஒலிக்கும்.

கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த இராகங்களில் கவனம் வேண்டும். தோடியின் காந்தாரம் (க) ரி-க்கும் ம-வுக்கும் இடையே அசைகிறது. இன்னொரு குழு அங்கே அசையாத காந்தாரத்தைப் பிடித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கமகம் ஒரு குரலில் மட்டும் இருக்கட்டும், மற்றக் குரல்கள் ஸ-விலோ ப-விலோ சும்மா நிற்கட்டும். கல்யாணியில் பிரதி மத்திமம் (அதன் உயர்ந்த ம) நீண்டு நிற்கும் இடத்தில் ஆதார ஸ பாடும் குழுவை ஓய்வில் வையுங்கள். அந்த இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். முழுக்குழுவும் ஒரே கமகத்தைச் சேர்ந்து பாட வேண்டுமென்றால் அந்தக் கமகத்தைச் சுரம் சுரமாக எழுதிக் கொடுங்கள். இருபது பேர் ‘காதால் கேட்டு’ அசைத்தால் இருபது விதமாகத்தான் அசையும்.

சொல்லைப் பற்றி ஒன்று. நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் சொல் கெட்டுவிடும். ‘மழை’ என்ற சொல்லில் ம-வை நீட்டினால் ‘மாழை’ ஆகிறது. ம-வைக் குறுகத் தொட்டு ழை-யில் நில்லுங்கள். ‘வானம்’ என்றால் வா-வில் எவ்வளவும் நிற்கலாம். மெய்யெழுத்தில் முடியும் சொற்களுக்கு, மெய் விழும் எண்ணிக்கையைப் பிரதியிலேயே குறிக்க வேண்டும். ‘வானம்’ நான்கு எண்ணிக்கை நீள்கிறது என்றால், ‘ம்’ நான்காவதில் என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பாதிப்பேர் இரண்டாவதிலேயே வாயை மூடி முனகத் தொடங்குவார்கள், பாட்டின் சத்தம் அந்த இடத்தில் திடீரென்று இறங்கும். இதைப் பிள்ளைகளின் குரல் போதாமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வாய் மூடியதுதான் காரணம். ‘ட்ட’, ‘ற்ற’, ‘க்க’ போன்ற இரட்டிப்புகளில் ஒரு சிறு மௌனம் இருக்கிறது. எல்லோரும் ஒன்றாக அடைத்து ஒன்றாகத் திறக்க வேண்டும். சுரம் இல்லாமல் தாளத்தில் சொல்லை மட்டும் சொல்லிப் பழக்கினால் இது சீக்கிரம் வரும்.

கை

வன்னிக்கு நடத்துநர் புதியவர் அல்ல. காத்தவராயன் கூத்தில் அரங்கின் ஓரத்தில் இருக்கும் அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) செய்வது அதே வேலை. எந்தப் பாட்டு எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். ஆட்டக்காரர் தடுமாறினால் அடி எடுத்துக் கொடுப்பார். பிற்பாட்டுக்காரரைத் தூக்கிவிடுவார். சபையின் மனநிலை பார்த்து நீட்டுவார், குறைப்பார். அவர் அடி எடுத்துக் கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். வரி தொடங்குவதற்குச் சற்று முன்னே, முதற்சொல்லை, வரவேண்டிய சுருதியிலேயே கொடுப்பார். சேர்ந்திசையை நடத்துபவர் அதையே சத்தமில்லாமல், வாயசைவாலும் கையாலும் செய்கிறார்.

சத்தமில்லாமல் என்பது முக்கியம். பதினேழாம் நூற்றாண்டில் தடியைத் தரையில் குத்தித் தாளம் காட்டுவார்கள். பிரான்சில் இசையமைப்பாளர் லுல்லி 1687 ஜனவரியில் அப்படிக் குத்தும்போது தடி காலில் பட்டு, காயம் அழுகி, மார்ச்சில் இறந்தார். இன்று ஆபத்து ஒலிவாங்கியால் வருகிறது. மேடையில் நீங்கள் தட்டும் தொடையும் சொடுக்கும் விரலும் சபை முழுவதும் கேட்கும்.

பிள்ளைகள் ஆதி தாளம் போட்டுப் பழகியவர்கள். மேடையில் அவர்களைத் தாளம் போட விடாதீர்கள். கண் கைக்குப் போய்விடும், உங்களைப் பார்க்க மாட்டார்கள். எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தை, நான்கு எண்ணிக்கைக் கையசைவை இருமுறை செய்து காட்டலாம். ஒன்று கீழே, இரண்டு இடப்பக்கம், மூன்று வலப்பக்கம், நான்கு மேலே. மூன்று எண்ணிக்கை ரூபகத்துக்குக் கீழே, வலப்பக்கம், மேலே. மிஸ்ர சாபுவுக்கு ஏழையும் எண்ணிக் காட்டப் போனால் கை குழம்பும். மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்து, ஒரு நீண்ட அசைவும் இரண்டு குறுகிய அசைவுமாகக் காட்டுங்கள்.

தொடக்கத்தில் குழு சிதறுவதற்குப் பெரும்பாலும் முன்னசைவுதான் காரணம். பாட்டுத் தொடங்கும் எண்ணிக்கைக்கு முந்தைய எண்ணிக்கையை நீங்கள் மூச்செடுத்துக்கொண்டே காட்ட வேண்டும், அதுவும் பாட்டின் வேகத்திலேயே. பதற்றத்தில் முன்னசைவை வேகமாகக் காட்டிவிட்டுப் பாட்டை மெதுவாக நடத்தப் பார்த்தால், முதலாவது ஆவர்த்தனம் முழுவதும் இழுபறிதான். கையை உயர்த்தும் முன், பாட்டின் மிக வேகமான வரியை மனதுக்குள் ஒருமுறை பாடிப் பாருங்கள். அந்த வரி ஓடக்கூடிய வேகம்தான் பாட்டின் வேகம். அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டுக்குச் சமத்தைச் சின்னதாக, ஆனால் உறுதியாகக் காட்டி அங்கேயே கையை ஒரு கணம் நிறுத்துங்கள். கை நின்ற இடத்தில்தான் அவர்கள் எடுப்பார்கள்.

வலக்கை செய்வதையே இடக்கையும் செய்தால் இடக்கையால் பயனில்லை. நுழைவு, ஒலியின் ஏற்ற இறக்கம், நிறுத்தம் மூன்றும் இடக்கைக்கு. இதைத் தனியே பழக வேண்டும்: வலக்கை நான்கு எண்ணிக்கையை அடித்துக்கொண்டிருக்க, இடக்கை இடுப்பிலிருந்து நெஞ்சுவரை எட்டு எண்ணிக்கையில் ஏறட்டும், எட்டில் இறங்கட்டும். தொலைபேசியில் பதிவுசெய்து, சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். சத்தமில்லாமல் பார்த்தும் பாட்டு எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் கை தேறிவிட்டது. முப்பது பேருக்குக் குறைந்த குழுவுக்கு நடத்துநர் கோல் தேவையில்லை.

வாத்தியம்

ஹார்மோனியத்தையும் கீபோர்ட்டையும் ஒன்றாக வைத்து வாசிக்க முன் சுருதி ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஹார்மோனியங்கள் பல, கீபோர்ட்டோடு ஒத்துப்போவதில்லை. ஹார்மோனியத்தை நினைத்தவுடன் மாற்ற முடியாது, கீபோர்ட்டில் டியூன் அமைப்பில் மாற்றலாம். ஆகவே கீபோர்ட்தான் ஹார்மோனியத்துக்கு இறங்கி வர வேண்டும். கீபோர்ட்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இன்னொரு பொறி. முதல்நாள் யாரோ ஒருவர் வேறு பாட்டுக்கு இரண்டு படி உயர்த்திவிட்டு அப்படியே விட்டிருப்பார். தொடங்கும் முன் ஸ-வை அழுத்தி, சுருதிப்பெட்டியோடு ஒப்பிடாமல் கையை உயர்த்த வேண்டாம்.

ஆனி, ஆடி மாதக் காற்றில் புழுதி ஹார்மோனியத்துக்குள் போய் ரீட்டில் (சத்தம் தரும் உலோக நாக்கில்) உட்காரும். ஒரு கட்டை திடீரென்று ஊமையாகும். மேற்பலகையைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டிவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். ரீட்டைச் சுரண்டக் கூடாது. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். அதைத் திருப்பிச் சரிசெய்ய அனுபவமுள்ள கை வேண்டும்.

மிருதங்கத்துக்கு மாரிகாலம்தான் சோதனை. தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து சுருதி இறங்கும். வெயிலிலோ அடுப்படியிலோ வைத்துக் காய்ச்சினால் கரணை (வலப்பக்கத் தோலின் கறுப்பு வட்டம்) வெடிக்கும். நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம் முன்னர் கல்லும் புள்ளும் (சிறு மரத்துண்டு) வைத்துச் சுருதி சேர்த்தால் போதும், காலையிலேயே சேர்த்துவிட்டு இருந்தால் மாலைக்குள் இறங்கியிருக்கும். முடிந்தவுடன் தொப்பியில் (இடப்பக்கத்தில்) ஒட்டிய ரவையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். 2 கட்டைக்கு எழுதுகிறீர்கள் என்பதை மிருதங்கக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வாசிக்கும் 5 கட்டை மிருதங்கத்தை அந்தச் சுருதிக்கு இறக்க முடியாது, தக்கு (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் வேண்டும்.

பாடசாலை பாண்ட் குழுவிலிருந்து ட்ரம்பெட் சேர்க்க விரும்பினால் 2 கட்டையை 2½ ஆக்குங்கள். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பி பிளாட் வாத்தியங்கள். அவர்கள் சி என்று வாசிப்பது நமக்கு பி பிளாட்டாகக் கேட்கும், ஒரு முழுச்சுரம் கீழே. 2 கட்டைக்கு அவர்கள் ஈ-யை ஸ-வாக வைத்து வாசிக்க வேண்டும். அதில் கூர்ப்புக் குறிகள் (ஷார்ப்) நான்கு, பழகாத பிள்ளை தடுமாறும். 2½ கட்டைக்கு எஃப்-ஐ ஸ-வாக வைத்தால் போதும், ஒரே ஒரு பிளாட். ஆல்ட்டோ சாக்ஸபோன் இருந்தால் இன்னும் சுலபம், அது ஈ பிளாட் வாத்தியம், சி-யையே ஸ-வாக வாசிக்கலாம். இந்தக் கணக்குத் தெரியாமல் எல்லோருக்கும் ஒரே பிரதியைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பிழையாக வாசிக்கிறார்கள் என்று ஏசுவது பல இடங்களில் நடக்கிறது. பிழை பிரதியில் இருக்கிறது.

ஒத்திகையும் நாட்காட்டியும்

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் வாழ்ந்த காலத்தில் உலகம் அவரை நடத்துநராகத்தான் அறிந்திருந்தது. 1880இல் பாட் ஹால் என்ற சிறிய ஊரில் தொடங்கி, புடாபெஸ்ட், ஹாம்பர்க் வழியாக 1897இல் வியன்னா அரச இசைநாடக அரங்கின் தலைமைக்கு வந்தார். 1907வரை அங்கே வேலை. எழுதுவதற்கு அவருக்குக் கிடைத்தது கோடை விடுமுறை மட்டும். ஸ்டைன்பாக்கிலும் மையர்னிக்கிலும் ஏரிக்கரையில் சிறு குடிசை கட்டி, விடுமுறையில் விடியற்காலையில் எழுதினார். கோடையில் எழுதிய பெரும்படியை அரங்கு வேலைக்கு நடுவே குளிர்காலத்தில் திருத்தி நகல் எடுப்பார். சேர்ந்திசையை மட்டும் தொழிலாக வைத்து வன்னியில் சீவிக்க முடியாது. ஆசிரியர் வேலையோடு அல்லது வேறொரு வேலையோடுதான் இது போகும். அதனால் மாலரின் ஏற்பாடு எங்களுக்கும் பொருந்துகிறது. ஓகஸ்ட் விடுமுறையில் புதிய பாட்டை எழுதி முடியுங்கள். தவணை தொடங்கியபின் எழுதலாம் என்று வைத்தால் பாதிப்பாட்டுத்தான் கையில் இருக்கும்.

பெரியவர்களைக் கொண்ட குழு என்றால் வயல் வேலையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். ஐப்பசி விதைப்பிலும் மாசி அறுவடையிலும் ஆண்குரல் கிடைக்காது. கார்த்திகை, மார்கழி மழையில் உட்கிராமப் பாதைகளில் தண்ணீர் மேவிப் பாயும், துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கப் பிள்ளைகள் பலநாள் வரமாட்டார்கள். நத்தார்ப் பாடலை அந்த மாதத்தில் தொடங்காமல் புரட்டாதியிலேயே குரல்களைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். மடுத் திருவிழாவுக்குப் பாடும் குழுவுக்கு ஆடி மாத வெக்கை இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் ஒத்திகை வைக்கக் கூடாது. பாடசாலை விட்டவுடன் ஒத்திகை வைப்பதானால் முதலில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. பசித்த வயிற்றில் மூச்சு நிற்காது, சுருதி இறங்கும். கடைசி பஸ் நேரத்தைச் சுவரில் எழுதிவைத்து அதற்கு இருபது நிமிடம் முன்னே முடியுங்கள். பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்களைப் பார்க்காது.

மூன்று நிமிடப் பாட்டை நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை வேகத்தில் எடுத்தால் மொத்தம் 216 எண்ணிக்கை, ஆதி தாளத்தில் 27 ஆவர்த்தனம். எட்டு வாரம், வாரம் இரண்டு ஒத்திகை, ஒவ்வொன்றும் 75 நிமிடம் என்றால் இரண்டு குரலில் அதை மேடைக்குக் கொண்டுவரலாம். முதல் எட்டு நிமிடம் குரலைத் திறப்பதற்கு: மூச்சு, ‘ம்’ என்ற முனகல், ஆகாரத்தில் ஐந்து சுரம் ஏறி இறங்கல், பிறகு பாதிப்பேர் ஸ, பாதிப்பேர் ப. கடைசி வேலையை விடாதீர்கள். எந்த நாள் பாட்டு நன்றாக அமையும் என்பது அந்த ஸ-ப நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது குரலை முதலில் சொல்லிக் கொடுங்கள். மெட்டு எப்படியும் காதில் ஏறும். மெட்டை முதலில் ஏற்றிவிட்டால் இரண்டாவது குரல் அதற்குள் சறுக்கி விழும். பாட்டைக் கடைசிச் சரணத்திலிருந்து பின்னோக்கிப் பழக்குங்கள். எப்போதும் பல்லவியிலிருந்தே தொடங்கினால் முடிவு பழகாமலே மேடைக்குப் போகும், முடிவுதான் சபையின் காதில் தங்குவது. குழு சுருதி இறங்கிக்கொண்டே போகிறதா? களைப்பு ஒரு காரணம், ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருவது இன்னொன்று, ரி-யிலிருந்து ஸ-வுக்கு இறங்கும்போது அளவுக்கு மேல் இறங்குவது மூன்றாவது. அரைக் கட்டை ஏற்றிப் பாட வைத்தால் பலமுறை சரியாகும். கஷ்டமாக இருக்கிறது என்று இறக்கிக் கொடுத்தால் இன்னும் இறங்கும்.

ஒத்திகையில் ஒரே இடம் மூன்று நாளாகத் தடக்கினால் அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள். மாலர் தன் ஐந்தாவது சிம்பொனியை 1904இல் கொலோனில் முதன்முதல் நடத்திய பின்னும், இறந்த ஆண்டான 1911 வரைக்கும் வாத்தியப் பங்கீட்டைத் திருத்திக்கொண்டேயிருந்தார். எழுதியவரே நடத்துநராக இருப்பதன் பெரிய நன்மை இது. முன்னால் நிற்கும் குழு காட்டுகிற குறையை அன்றிரவே பிரதியில் நிவர்த்தி செய்யலாம்.

மேடை

எங்கள் மண்டபங்கள் பல அரைச்சுவரும் தகரக்கூரையுமாக இருப்பவை. திறந்த பக்கத்தைப் பின்னால் வைத்து நின்றால் பாதிச் சத்தம் வெளியே போய்விடும். சுவர் முதுகுக்குப் பின்னால் வரும்படி, அரைவட்டமாக நிறுத்துங்கள். கீழ்க்குரல்கள் பின்வரிசை நடுவில், மிருதங்கத்துக்குக் கிட்ட. தடுமாறும் பிள்ளைக்கு இருபக்கமும் உறுதியான குரல்.

ஒலிபெருக்கிக்காரர் நான்கு கை ஒலிவாங்கிகளைத் தந்து முன்வரிசையில் நால்வரிடம் பிடிக்கச் சொல்வார். அப்படிச் செய்தால் சபைக்குக் கேட்பது அந்த நால்வர் மட்டும், இருபது பேர் உழைப்பும் வீண். தாங்கியில் வைத்த இரண்டு ஒலிவாங்கி போதும். முன்வரிசைக்கு மூன்றடி முன்னே, பின்வரிசையின் தலைக்கு மேலான உயரத்தில், குழுவை நோக்கிச் சாய்த்து வையுங்கள். அவை ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கக் கூடாது. ஒலிவாங்கிக்கும் பாடுபவருக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் குழம்பி மெலியும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஒலிவாங்கிகளுக்கு முன்னால், சபைப் பக்கம் இருக்கட்டும், பின்னால் இருந்தால் கூவும். எக்கோவை முற்றாக நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு குரல் பாட்டில் எக்கோ மூன்றாவது குரலாக வந்து சொல்லை அழித்துவிடும். மின்சாரம் போகும் என்று எண்ணியே ஆயத்தமாகுங்கள். பற்றரியில் ஓடும் சுருதிப்பெட்டி ஒன்று உங்கள் காலடியில் இருக்க வேண்டும், குழு ஒலிவாங்கி இல்லாமல் ஒருமுறை முழுப்பாட்டையும் பாடிப் பழகியிருக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த அடுத்த நாளே பிரதியைத் திருத்துங்கள். சுர வரியும் சொல் வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆவர்த்தனத்துக்கு இலக்கமிட்டு, பிரிவுகளுக்கு அ, ஆ, இ என்று எழுத்திட்டு, மூச்செடுக்கும் இடம், மெய் அடைக்கும் எண்ணிக்கை, வேக இலக்கம், சுருதிக் கட்டை, ஒவ்வொரு குரலிலும் எத்தனை பேர் பாடினார்கள் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். மேற்பக்கத்தில் எழுதியவர் பெயரும் திகதியும். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலை அல்லது கோயில் அலுமாரியில், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம். தொலைபேசியில் படம் எடுத்து மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள். அடுத்த ஒத்திகையில் அந்தப் பிரதியை மூத்த பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் பின்வரிசையில் கீழ்க்குரலோடு நின்று பாடுங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே பிரதியில் ஏதோ குறைகிறது. அதைக் குறித்துக்கொண்டு வந்து எழுதிச் சேருங்கள்.